பார்வையற்ற மாணவிக்கு உயர்தர ஐ.சி.ரி படிப்பிக்க வேண்டும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கொக்குவில் ரீச்சர்
ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் ஒரு ரியூட்டரியில் பதினொரு வருடமாக உயர்தரத்துக்கு ஐ.சி.ரி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிறேன். போன சனிக்கிழமை ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. சாதாரண தரம் நல்ல பெறுபேறு. ஐ.சி.ரி எடுக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "ரீச்சர், நீங்கள் ஏலாது எண்டு சொன்னால் அவள் கேட்பாள். அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார்.

ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏலும் என்று சொல்லவும் துணிவு வரவில்லை. அடுத்த வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அவளிடம் மாமா கனடாவிலிருந்து அனுப்பிய லப்டொப் இருக்கிறது. அதில் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போட்டு வைத்திருக்கிறாள். முதல் அலகின் நோட்ஸை மெயிலில் அனுப்பினேன். பின்னேரம் போன் எடுத்தாள். "ரீச்சர், ஒண்டும் விளங்கேல்லை. கணினி ஏதோ ஆங்கில எழுத்துகளை வாசிக்குது" என்றாள். என் கண்ணுக்குக் கோப்பு முழுக்கத் தமிழாகத்தான் தெரிகிறது. ஏன் இப்படி?

இனி வரப்போவதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. தர்க்கப் படலை, கார்னோ வரைபடம் (கட்டங்களில் ஒன்றும் பூச்சியமும் போட்டு, பக்கத்துப் பக்கத்து ஒன்றுகளைக் கூட்டமாகச் சேர்த்துத் தர்க்கக் கோவையைச் சுருக்குவது), பாய்ச்சற்கோட்டுப்படம் எல்லாமே படம். பைத்தன் நிரல்மொழியில் வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி பிழைத்தால் நிரல் ஓடாது. யாராவது இப்படிப் படிப்பித்திருக்கிறீர்களா?

சுன்னாகம் நிரலாளன்
ஞாயிறு, இரவு 9.15

அக்கா, ஒரே ஒரு கேள்வி. உங்கள் நோட்ஸ் பாமினி எழுத்துருவில் அடித்ததா?

கொக்குவில் ரீச்சர்
ஞாயிறு, இரவு 9.20

ஓம் தம்பி, பாமினிதான். 140 பக்கமும்.

சுன்னாகம் நிரலாளன்
ஞாயிறு, இரவு 10.40

அப்படியென்றால் பிள்ளையிலும் குற்றம் இல்லை, என்விடிஏயிலும் குற்றம் இல்லை. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்பது வயதில் பார்வை போனது. இப்போது எட்டு வருடமாக வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டுக் கொம்பனிக்கு நிரல் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட ஒவ்வொன்றிலும் நான் ஒரு தடவையாவது முட்டி விழுந்திருக்கிறேன்.

பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அதற்கு மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கோப்பில் "தமிழ்" என்று உங்களுக்குத் தெரியும் இடத்தில் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ, அதன் பிறகு ஒரு அரைப்புள்ளி. உங்கள் கண் சட்டையைப் பார்க்கிறது, திரைவாசிப்பான் உடம்பைப் பார்க்கிறது. யாழ்ப்பாணத்தில் இருபது வருடமாக அடித்துக் குவித்த நோட்ஸ், மாதிரி வினாத்தாள், கடிதம் எல்லாம் எங்களுக்கு இப்படித்தான் ஜே கே பி ஓ. எனக்குப் பார்வை போனதைவிட இதுதான் என் படிப்பைக் கூடுதலாக மறித்தது.

தீர்வு லேசானது. பாமினியை, உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற்றும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றி முடிந்ததும் ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் தமிழாகவே வந்தால் சரி. நோட்ஸுக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களை மட்டும் கவனியுங்கள், மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். உங்கள் விரல் பழக்கத்தை விடவும் தேவையில்லை. இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பு இருக்கிறது. அதே கட்டைகளைத் தட்டினால் யூனிகோடாக விழும்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாமல், வேர்ட்டில் இருக்கும் தலைப்புப் பாணியைப் போடுங்கள். அப்போதுதான் அவளால் ஒரு கட்டையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். இல்லாவிட்டால் 140 பக்கத்தையும் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

கடந்தகால வினாத்தாள்கள் பெரும்பாலும் போட்டோக்கொப்பியை ஸ்கேன் பண்ணியவை. திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸால் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். பிழைகள் இருக்கும், ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள்.

இனிப் பைத்தன். நிரல் எழுதப் பைத்தனோடு வரும் ஐடில் வேண்டாம். எல்லா ரியூட்டரியிலும் அதுதான், ஆனால் என்விடிஏ அதற்குள் ஊமையாகிவிடும். விஷுவல் ஸ்டூடியோ கோட் போடுங்கள், அல்லது நோட்பேட்டில் எழுதிக் கட்டளைச் சாளரத்தில் ஓட்டலாம். விஷுவல் ஸ்டூடியோ கோடில் எஃப்8 தட்டினால் பிழை இருக்கும் வரிக்கே கூட்டிக்கொண்டு போகும்.

இடைவெளிக்குப் பயப்படாதீர்கள். என்விடிஏ அமைப்புகளில், ஆவண வடிவமைப்பு என்ற பகுதியில், வரியின் உள்தள்ளலை அறிவிக்கும் தெரிவு உண்டு. "நாலு இடைவெளி" என்று சொல்லவும் வைக்கலாம், ஒலியாகவும் வைக்கலாம். நான் ஒலியாகத்தான் வைத்திருக்கிறேன். உள்ளே போகப் போகச் சுருதி ஏறும், வெளியே வர இறங்கும். ஒரு நிரலை மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டு வந்தால் சரளி வரிசை மாதிரி இருக்கும். சுருதி பிழைத்த இடத்தில் கை தானாக நிற்கும். கண்ணால் பார்ப்பவர்கள் தவறவிடும் இடைவெளிப் பிழையை நான் எங்கள் குழுவில் பலமுறை பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பாய்ச்சற்கோட்டுப்படத்தை இலக்கமிட்ட படிகளாக எழுதிக் கொடுங்கள். "3. புள்ளி 40க்குக் கூடவா? ஓம் என்றால் 5க்குப் போ, இல்லை என்றால் 4க்குப் போ." போலிக்குறி (நிரலின் படிகளைச் சாதாரண மொழியில் எழுதுவது) தெரிந்த பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. தர்க்கப் படலைகளைப் பூலியன் கோவையாகக் கொடுக்கலாம். கார்னோ வரைபடத்துக்கு என்னிடம் நல்ல வழி இல்லை. நான் அட்டவணையாக மனதில் வைத்துப் படித்தேன், சரியான கஷ்டம்.

கடைசியாக, காசில்லாத ஒரு விஷயம். "இதை இங்கே போடுங்கோ, இதிலிருந்து இது வரும்" என்று பலகையைக் காட்டிக் கதைக்காதீர்கள். எழுதும்போதே வாயால் சொல்லுங்கள். என் ஆசிரியர் ஒருவர் அப்படிச் சொல்லப் பழகினார். பின் வாங்கில் இருந்த பெடியங்கள், "இப்பதான் எங்களுக்கும் விளங்குது" என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஓய்வு ஆசிரியர், மானிப்பாய்
திங்கள், காலை 6.10

ரீச்சர் மனம் நோகக்கூடாது. முப்பது வருடம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பார்வையற்ற பிள்ளைகள் கலைப்பிரிவில் படித்து, பல்கலைக்கழகம் போய், ஆசிரியர்களாகி, குடும்பமாக இருப்பதை இந்த ஊரில் நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். அது நடந்து தேய்ந்த பாதை. ஐ.சி.ரியில் அவளுக்கு முன்னால் யாருமில்லை. இரண்டு வருடம் போராடி, பெறுபேறு குறைந்தால் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி போய்விடும். பரீட்சை அவளுக்கு, சோதனை முயற்சி எங்களுக்கு என்று ஆகக்கூடாது. அந்தத் தாயின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

சுன்னாகம் நிரலாளன்
திங்கள், காலை 7.30

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. கலைப்பிரிவில் படித்து ஆசிரியரான அண்ணைமார்தான் எனக்கு வெள்ளைப் பிரம்பு பிடிக்கவும் பிரெய்ல் வாசிக்கவும் பழக்கினார்கள். அந்தப் பாதையை நான் தாழ்த்திப் பேச மாட்டேன். விரும்பி எடுப்பவர்கள் எடுக்கட்டும். பார்வை இல்லை என்பதற்காக அது ஒன்றுதான் என்று வைக்காதீர்கள்.

முன்னால் யாருமில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. டி. வி. இராமன் என்று ஒருவர், புனேயில் பிறந்தவர். பதினான்கு வயதில் கண் அழுத்த நோயால் பார்வை போனது. அதன் பிறகு கணிதம் படித்து, மும்பை ஐ.ஐ.ரியில் படித்து, 1994இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்க வைக்கும் முறைதான் அவரது ஆய்வு. கணினியைப் பேச வைக்கும் ஈமாக்ஸ்பீக் என்ற மென்பொருளும் அவர் எழுதியது. பிறகு கூகுளில் வேலை. பிள்ளையின் லப்டொப்பில் இருக்கும் என்விடிஏயை 2006இல் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற அவுஸ்திரேலியர், அவரும் பார்வையற்றவர். விற்பனைக்கு இருந்த திரைவாசிப்பான்கள் ஒரு கணினியின் விலைக்கு மேல் இருந்த காலத்தில், அதை இலவசமாகக் கொடுத்தார். அது இலவசமாக இல்லாவிட்டால் சுன்னாகத்தில் நான் நிரல் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு அம்மா, கைதடி
திங்கள், பகல் 1.05

நான் இழையின் தலைப்பை விட்டு விலகுகிறேனா தெரியாது. என் மகனுக்குக் காது கேட்காது. நாவில்ட் பாடசாலையில் படித்தவன், இப்போது பத்தொன்பது வயது, வலைத்தள வடிவமைப்பு படிக்கிறான்.

காது கேட்காத பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவனுடைய முதல் மொழி சைகை. எழுத்துத் தமிழ் அவனுக்கு இரண்டாம் மொழி. ஒரு பக்கம் நீட்டிய வசனங்களைக் கொடுத்தால் நாங்கள் பிரெஞ்சு வாசிப்பது மாதிரித்தான் வாசிப்பான். குட்டி வசனம், பக்கத்தில் ஓடிக் காட்டும் ஒரு உதாரணம், அவ்வளவு இருந்தால் பிடித்துக்கொள்வான்.

நிரலில் ஒரு பெறுமதியை வைத்திருக்கும் "மாறி" என்பதற்குச் சைகையே இல்லை. அவனும் அவனது சிநேகிதனும் இருந்து ஒன்றைச் செய்தார்கள். இடது கையைப் பேணி மாதிரிக் குவித்து, வலது கையால் உள்ளே ஒன்றைப் போட்டு, எடுத்து, வேறொன்றைப் போடுவார்கள். அதைப் பார்த்த அன்றுதான் மாறி என்றால் என்ன என்று எனக்கே விளங்கியது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வளையத்துக்கு விரலைச் சுற்றி, நிறுத்தும் நிபந்தனைக்கு மற்றக் கையால் மறிப்பார்கள். நிரல்மொழி அவனுக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் சொன்னான்: அதில் ஒரு சொல்லுக்கு ஒரே கருத்துத்தானாம், மனிசர் மாதிரி மாற்றி மாற்றிச் சொல்லாதாம்.

ஆசிரியர்கள் பலகைப் பக்கம் திரும்பி நின்று கதைக்கும்போதுதான் அவனுக்கு எல்லாம் அறுந்து போகிறது. வாயைப் பார்த்தால்தான் பாதியாவது பிடிக்கலாம். இப்போது போனில் பேச்சை எழுத்தாக்கும் கூகுளின் செயலி தமிழுக்கும் வேலை செய்கிறது. ஆனால் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் "வந்தனான், போனனான்" என்றால் தடுமாறுகிறது. ஒரு சேர் மட்டும் அவனுக்காகக் கொஞ்சம் நிதானமாக, எழுத்துத் தமிழில் கதைக்கிறார். அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

சுன்னாகம் நிரலாளன்
திங்கள், பகல் 1.40

அம்மா, தலைப்பை விட்டு விலகவே இல்லை. தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். இணையம் ஓடுகிற ரிசிபி/ஐபி நெறிமுறையை வடிவமைத்த இருவரில் ஒருவரான விண்ட் செர்ஃப் சின்ன வயதிலிருந்தே காது கேட்கும் கருவி போட்டவர்.

ஒற்றைக்கை, சாவகச்சேரி
திங்கள், இரவு 8.20

2009இல் எனக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போனது. நான் வலக்கைக்காரன். இடது கையால் எழுதப் பழகவே ஒரு வருடம். ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தபோது, மூன்று கட்டைகளை ஒன்றாக அமத்தச் சொன்னார்கள். இடது கையால் இரண்டு, மூன்றாவதை நாடியால் அமத்தினேன். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு சிநேகிதன் ஷிஃப்ட் கட்டையை ஐந்து தரம் தட்டிக் காட்டினான். ஸ்டிக்கி கீஸ். ஒவ்வொரு கட்டையாக ஆறுதலாகத் தட்டலாம், கணினி சேர்த்து எடுத்துக்கொள்ளும். எல்லா விண்டோஸிலும் எப்போதும் இருந்தது. அந்த வகுப்புக் கணினியிலும் இருந்திருக்கும். அங்கே யாருக்கும் தெரியாததால் எனக்கு இரண்டு வருடம் போனது. ரீச்சர்மார் தயவுசெய்து முதல் வகுப்பிலேயே இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். தேவைப்படும் பிள்ளை வாய் திறந்து கேட்காது.

இப்போது மென்பொருள் சோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். வேலை எடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் என் நண்பனுடன் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. அழைப்புக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் ஒருவர் இறங்கி வந்து, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், வேப்பமரத்துக்குக் கீழே பத்து நிமிடம் கதைத்துவிட்டுப் போனார். அன்பாகத்தான் கதைத்தார். மேலே மற்றவர்களுக்கெல்லாம் கணினியில் ஒரு மணித்தியாலப் பரீட்சை நடந்தது. அவனுக்கு அது கொடுக்கப்படவேயில்லை. வரும் வழியில் அவன் சொன்னது, "எனக்கு வேலை கிடைக்காதது பிரச்சினை இல்லையடா, அந்தச் சோதினையை எழுதிப் பார்க்க வேணும் போல இருந்தது."

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்கு 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. அரச வேலை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2016இல் நாடு ஏற்று உறுதி செய்தது. இவ்வளவும் இருந்தும் அவன் வேப்பமரத்துக்குக் கீழேதான் இருந்தான்.

கொம்பனிக்காரன், யாழ். நகர்
திங்கள், இரவு 10.05

வாசித்துவிட்டு நெடுநேரம் எழுத வரவில்லை. நாங்கள் ஒரு சின்ன மென்பொருள் கொம்பனி, இருபத்திரண்டு பேர். எங்கள் அலுவலகமும் இரண்டாம் மாடிதான். மாற்றுத்திறனாளிகளை எடுக்கக்கூடாது என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. எடுப்பதற்கு ஏற்ற மாதிரி எதையும் செய்ததும் இல்லை. அது இப்போதுதான் உறைக்கிறது.

தொழில் பக்கத்தில் ஒரு செய்தி. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அங்கே இணையவழி விற்பனை, வங்கிச் சேவை போன்றவற்றின் தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியதாகச் செய்ய வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் ஜெர்மனி, பிரான்சில் இருப்பவர்கள். திரைவாசிப்பானோடு வேலை செய்யுமா என்று சோதித்துத் தரச் சொல்கிறார்கள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பார்த்தோம், சரிவரவில்லை. அதை நாள் முழுக்கப் பாவிப்பவர்தான் வேண்டும். சுன்னாகம் தம்பி, நேர்முகத் தேர்வை நாங்கள் எப்படி மாற்ற வேண்டும்?

சுன்னாகம் நிரலாளன்
திங்கள், இரவு 11.10

அண்ணை, வினாக்களைப் படமாக அனுப்பாமல் எழுத்துக் கோப்பாக அனுப்புங்கள். அவருடைய லப்டொப்பிலேயே எழுத விடுங்கள், எங்கள் அமைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கும். இணையவழிப் பரீட்சைத் தளம் என்றால், முதலில் நீங்களே மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி வரை போய்ப் பாருங்கள். படத்தில் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் தளம் என்றால் நாங்கள் வாசலிலேயே நின்றுவிடுவோம். அழைப்புக் கடிதத்தில் "உங்களுக்கு என்ன ஒழுங்கு தேவை?" என்று ஒரு வரி சேருங்கள், எல்லோருக்கும் போகும் கடிதத்திலேயே. கட்டடத்தில் எத்தனை படி என்பதையும் எழுதுங்கள். மாடிதான் பிரச்சினை என்றால் அன்றைக்கு ஒரு நாள் கீழே ஒரு அறையை எடுத்து, எல்லோருக்கும் அங்கேயே பரீட்சையை வையுங்கள்.

இன்னொன்று. அணுகல்தன்மைச் சோதனைக்கு எங்களை எடுங்கள், நல்ல வேலைதான். ஆனால் அதோடு நிறுத்தி வைக்காதீர்கள். நான் தரவுத்தளம் எழுதுகிறவன். பார்வை இல்லாததால் எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, நான் படித்ததை விட்டுவிடாதீர்கள்.

ஓய்வு ஆசிரியர், மானிப்பாய்
செவ்வாய், காலை 6.25

எல்லாவற்றையும் வாசித்தேன். வெட்டுப்புள்ளி பற்றிய என் பயம் போகவில்லை. ரீச்சர், பரீட்சைத் திணைக்களத்துக்கான விண்ணப்பத்தைப் பாடசாலை அதிபர் ஊடாக இப்போதே தொடங்குங்கள். கூடுதல் நேரம், உதவிக்கு எழுதுபவர் எல்லாம் கடைசி நேரத்தில் கேட்கும் விஷயம் இல்லை. எழுதுபவருக்கு நிரல் சொல்லி எழுதவும் அவள் பழக வேண்டும். "நாலு இடைவெளி, பிரிண்ட், அடைப்பு திற" என்று சொல்லி எழுதுவிப்பது தனித் திறமை. பல்கலைக்கழக அனுமதியில் மாற்றுத்திறனாளிகளுக்கு மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட ஏற்பாடு உண்டு, கையேட்டை எடுத்து வையுங்கள். பழைய வினாத்தாள்களில் பத்து வருடத்தை என்னிடம் அனுப்புங்கள். நான் பொழுதுபோகாமல் இருப்பவன், யூனிகோடில் அடித்துத் தருகிறேன்.

கொக்குவில் ரீச்சர்
அடுத்த சனி, இரவு 7.30

ஐயா, தம்பி, அம்மா, எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மூன்று இரவில் 140 பக்கத்தையும் மாற்றினேன். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தம்பி சொன்ன மாதிரியே குழம்பித்தான் போயின, வகுப்பில் நாலு பிள்ளைகள் இருந்து திருத்தினார்கள். புதன்கிழமை அனுப்பினேன். வியாழன் காலை ஏழு மணிக்கு அவளே போன் எடுத்து, முப்பத்திரண்டாம் பக்கத்தில் இரும எண் கூட்டலில் நான் விட்ட பிழையைச் சொன்னாள். பதினொரு வருடமாக அந்தப் பிழை அங்கே இருந்திருக்கிறது.

கார்னோ வரைபடத்துக்கு நானே ஒரு வழி பார்த்தேன். முட்டைக் கடையில் ஒரு மட்டை வாங்கி, நாலுக்கு நாலு குழி வரும்படி வெட்டினேன். குழியில் புளியங்கொட்டை இருந்தால் ஒன்று, வெறுங்குழி என்றால் பூச்சியம். மேலேயும் பக்கத்திலும் 00, 01, 11, 10 என்று பிரெய்லில் ஒட்டினோம், அதை அவளே குத்தித் தந்தாள். இன்று வகுப்பில் கொடுத்தேன். இரண்டு கையாலும் ஒருதரம் தடவினாள். பக்கத்துப் பக்கத்துக் கொட்டைகளைச் சேர்த்தாள். பிறகு நாலு மூலையிலும் நாலு விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"ரீச்சர், மட்டையைச் சுத்தி மடிச்சால் இந்த நாலும் பக்கத்துப் பக்கம்தானே? அப்ப இது ஒரு கூட்டம்தானே?"

ஓம், ஒரு கூட்டம்தான். மற்றப் பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்த எனக்கு வழக்கமாக இரண்டு வகுப்பு வேண்டும். முன் வாங்கில் இருந்த ஒருத்தி, தனக்கும் ஒரு மட்டை வேண்டும் என்றாள்.

அம்மா வெளியில் குடையோடு நின்றார். அடுத்த மாதக் காசை இப்போதே கட்டலாமா என்று கேட்டார்.

தம்பி, அடுத்த கிழமை பைத்தன் தொடங்குகிறேன். அந்தச் சுருதி ஏறும் அமைப்பை என் கணினியிலும் போட்டுப் பழக வேண்டும். தமிழ்க் குரல் எதை வைத்தால் காதுக்கு நல்லது?

சுன்னாகம் நிரலாளன்
அடுத்த சனி, இரவு 8.00

விண்டோஸிலேயே வள்ளுவர் என்று ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது, அதை வையுங்கள். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரல் கரகரவென்று இருக்கும், ஆனால் வேகமாக ஓட்டலாம், பிள்ளை அதைத்தான் விரும்புவாள். முதல் நாள் மெதுவாக வையுங்கள். நான் நாளைக்குப் பின்னேரம் போன் எடுக்கிறேன், இருவரும் சேர்ந்து போடுவோம். அந்த முட்டை மட்டையின் அளவையும் சொல்லுங்கள் அக்கா, எனக்கும் ஒன்று செய்ய வேண்டும்.